எண்பத்திரண்டு சென்டிமீட்டர்

செஞ்சியில் பாரதியை ‘ரஷ்யாக்காரி’ என்றுதான் சொல்வார்கள். அவள் ரஷ்யாவைக் கண்ணால் பார்த்ததில்லை. சென்னையில் கல்லூரி படிக்கும்போது மாலை வகுப்பில் ரஷ்ய மொழி கற்றாள். பிறகு தெற்கே ரஷ்யப் பொறியாளர்கள் வேலை பார்த்த ஒரு கட்டுமான இடத்தில் ஆறு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். அம்மா சின்னப்பொண்ணுக்கு முட்டி போனதும் ஊருக்கு வந்தவள் வந்தவள்தான். இப்போது கோட்டை ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில், வீட்டிலிருந்தபடியே ரஷ்யக் கட்டட வரைபடங்களின் அளவுகளை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறாள். சுவர்க் கனம், தரை மட்டம், வாசல் அகலம். நம்பர்தானே, அதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்த நாற்காலியில் அவளே உட்காருவதில்லை என்பது வேறு விஷயம். ஒரு பக்கம் முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்துவிடுவாள். கேஸை மூடினோமா என்று பார்ப்பாள், கேட் வரை போய் வருவாள், அனுப்பி முடித்த வேலையைத் திறந்து மறுபடி படிப்பாள்.

“காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்தியாடி? செத்த ஒக்காரேன்” என்பாள் சின்னப்பொண்ணு.

போன வருஷம் ஆனியில் ஒரு விடுதியின் வரைபடம் வந்தது. ரஷ்யாவில் கட்டட வேலைக்கு ஆள் அனுப்புகிற சென்னை நிறுவனம் ஒன்று அனுப்பியிருந்தது. இங்கிருந்து போகிற அறுபது பேர் தங்கப்போகும் இடம். அறுபதில் ஒருவன் பாரதியின் தம்பி எழிலன், கம்பி கட்டுகிறவன். பெங்களூர் வேலையை விட்டுவிட்டான், விசா வந்துவிட்டது, கிளம்பப் பதினோரு நாள்தான் இருந்தது.

தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேறும் நடைவழி, சுவருக்குச் சுவர் நூற்றிருபது சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று நிறுவனம் விதி வைத்திருந்தது. வரைபடத்தில் நடைவழிக்கு 1200 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. பாரதி அதைப் படிவத்தில் ‘உள் அகலம்’ என்ற கட்டத்தில் எழுதி அனுப்பினாள். விடுதி தேறிவிட்டது.

மூன்றாம் நாள் காலை பக்கத்து மனையில் சண்டை. ரத்தினம்மாள் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் இடுப்பளவு வந்திருந்தது.

“பத்தடி ரூமுன்னு சொல்லிட்டு இன்னாய்யா இது, ஒம்போதே காலு அடிதான் இருக்குது?”

மேஸ்திரி வீரமணி அசரவில்லை. “பத்தடி சென்டருக்கு சென்டரும்மா. செவுரு முக்கா அடி எங்க போவும்? உள்ளளவு வேணும்னா அப்பவே சொல்லியிருக்கணும்.”

கேட்டில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள் பாரதி. தான் எழுதிய 1200 உள்ளளவுதானா? உள்ளே ஓடி கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

உள்ளளவை ரஷ்யர்கள் ‘வெளிச்சத்தில்’ என்பார்கள், இரண்டு சுவருக்கு நடுவே வெளிச்சம் புகுகிற இடம். சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடு வரைக்கும் என்றால் ‘அச்சுகளில்’. இரண்டும் அவள் ஆயிரம் தடவை எழுதிய வார்த்தைகள். 1200க்குப் பக்கத்தில் இரண்டில் எதுவும் இல்லை. மூன்று பக்கம் தள்ளி, குறிப்புகளின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி கிடந்தது: எல்லா அளவுகளும் அச்சுகளில். அதையும் அவள்தான் மொழிபெயர்த்திருந்தாள். மொழிபெயர்த்துவிட்டு, திரும்பிப் போய்ப் படிவத்தைத் திருத்தவில்லை. அவசரம் என்று சாக்குச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தம்பி போகிற இடம் தேறிவிட வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அங்கே சுவர் ஒன்றரைச் செங்கல் கனம், முப்பத்தெட்டு சென்டிமீட்டர். இந்தச் சுவரில் பாதி, அந்தச் சுவரில் பாதி கழித்தால் மிச்சம் எண்பத்திரண்டு. அதற்குள் அறுபது பேர் ஓட வேண்டும்.

அன்று முழுக்க அவள் வீட்டில் தங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தாள், திரும்பினாள், காய் வாங்கப் போய் வெறும் பையோடு வந்தாள். வாயைத் திறந்தால் அறுபது பேர் பயணமும் நின்றுபோகும். மூடிக்கொண்டால் தம்பி அந்தச் சந்து வைத்த விடுதியில் போய்ப் படுப்பான். சாயங்காலம் எழிலனிடம் சொல்லிவிட்டாள்.

“நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியும்?” என்றான் அவன்.

“எனக்குத் தெரியுமேடா.”

“எத்தினி பேரு வேலைய வுட்டுட்டு குந்திக்கினு இருக்கான் தெரியுமா? நான் ஒல்லியாத்தான கீறேன், பூந்து வந்துடுவேன். நீ சும்மா இரு, அக்கா.”

“நீ வந்துடுவ. ஒனக்குப் பின்னால வர்றவன்?”

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் நின்றபடியே தப்பை எழுதி, யார் தப்பு என்பதையும் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினாள்.

பயணம் நின்றது. தளவானூரிலிருந்தும் அவலூர்பேட்டையிலிருந்தும் போகவிருந்த ஆட்கள் வந்து வாசலில் நின்று கேட்காத கேள்வியில்லை. ‘ஊரைக் கெடுக்க வந்த ரஷ்யாக்காரி’ என்று ஒருத்தர் சொன்னது சின்னப்பொண்ணுவின் காதிலேயே விழுந்தது. நன்றி என்று ஒரு வரி போட்டுவிட்டு, பாரதிக்கு வேலை அனுப்புவதை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எழிலன் பேசாமல் இருந்ததுதான் அவளை அரித்தது. சோறு வேண்டுமா என்றால்கூட அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்வான்.

ஆறு வாரம் கழித்து வேறு விடுதி கிடைத்தது. அந்த வரைபடத்தை வேறு யாரோ மொழிபெயர்த்தார்கள். அதில் என்ன இருந்தது என்று பாரதிக்குக் காட்டவில்லை. எழிலன் அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினான்.

போய்ச் சேர்ந்த மறுநாள் மதியம் அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டான். சாப்டியா, குளிருதா என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாரதி போனைப் பிடுங்கினாள்.

“எழிலா, நடைவழி எவ்ளோ இருக்குது?”

தன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். பிறகு கதவு திறக்கிற சத்தம், யாரையோ தள்ளி நிற்கச் சொல்கிற சத்தம், டேப் இழுபடுகிற சத்தம்.

“நூத்தி பதினெட்டு. உள்ளளவுதான். செவுத்துப் பூச்சு ரெண்டு சென்டி தின்னுட்டிருக்குது” என்றான் எழிலன். “அதுக்கும் ஒரு லெட்டர் போட்டு எங்கள திருப்பி இட்டாந்துடாதக்கா.”

பாரதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.