திரும்பி வந்த கட்டில்

என் அக்காவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ‘தங்கம்’ என்பார்கள். சொல்லட்டும். அந்தத் தங்கத்தோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டியவள் நான். அவள் பிடிவாதம் எனக்குத்தான் தெரியும்.

அம்மா போனபோது அக்காவுக்குப் பதினாறு வயது, எனக்கு ஆறு. நான் பத்தாவது முடித்த பிறகுதான் கல்யாணத்துக்கே சம்மதித்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை, இரண்டு பையன்கள். மாமா தபால்காரர், நாற்பத்தெட்டு வயதில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வெல்டிங் பட்டறைக்காரர் அவருக்காக ஓர் இரும்புக் கட்டில் செய்து கொடுத்தார். கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயரும். மூன்று வருஷம் அதில் கிடந்துவிட்டு மாமா கண்ணை மூடினார். மறுமாதமே மளிகைக்காரர் தயங்கித் தயங்கி வந்து, தன் அப்பாவுக்கு அந்தக் கட்டிலைக் கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான். அதே மாதிரி ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லி, முப்பது வருஷத்தில் ஆறு கட்டிலாக்கிவிட்டாள். கட்டில் போன வீட்டுக்கு அக்காவும் போவாள். புரட்டிப் படுக்க வைப்பதும் முதுகைத் துடைப்பதும் எப்படி என்று காட்டிக் கொடுப்பாள். ‘கட்டிலக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கொடுத்த கட்டிலை அவள் திருப்பிக் கேட்கவே மாட்டாள். அந்த வீட்டார் தாமாகக் கொண்டுவந்து விட்டால்தான் உண்டு.

“பாதி ஊரு உன் கட்டில்ல துணி மடிச்சு வச்சிருக்கு. போய்க் கேளேன்!” என்று கத்துவேன்.

“கட்டிலைக் கேட்டுப் போனா, இன்னும் சாகலையான்னு கேக்கிற மாதிரிடி” என்பாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

எழுபத்தாறு வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டியது. ஆறு கட்டிலும் வெளியே. புதுசு வரப் பத்து நாளாகும் என்றான் அக்காவின் பெரிய பையன். தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைப்பேன். சரிந்து சரிந்து விழுவாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தையல்காரர் கடை பத்து நாளாகப் பூட்டியிருந்தது. அக்காவின் கட்டில் ஒன்றில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவருடைய அம்மா போய்விட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கடைக்குப் போவதாக அக்காவிடம் பொய் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, “அக்காவுக்கு ரொம்ப முடியல. கட்டில் வேணும்” என்று உரக்கச் சொன்னேன்.

உள்ளேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

“யாரு, கட்டிலக்கா தங்கச்சியா? நான் இன்னும் இருக்கேனேம்மா.”

ஏதோ தப்பு செய்துவிட்டவர் போலச் சொன்னார். ஐயோ, என் வாயில் மண் விழ! “சும்மா பார்க்கத்தான் வந்தேன்” என்று எதையோ உளறிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மாலையில் தையல்காரரும் இன்னொருவரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அக்கா அதைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாள்.

“அம்மா எப்போ போனாங்க? எனக்கு யாருமே சொல்லலையே.”

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “அம்மா இருக்காங்கக்கா. தரையில படுத்துக்கிட்டாங்க. உங்களுக்கு வேணும்னு அனுப்பிட்டாங்க.”

“எனக்கு வேணும்னு யாரு சொன்னது?”

அக்கா என்னைப் பார்த்தாள். அதற்கு என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

“கொண்டு போங்க. இப்பவே. அம்மாவைத் தூக்கிப் படுக்க வச்சிட்டு எனக்கு வந்து சொல்லணும்” என்றாள், மூச்சு வாங்க. அவர் திரும்பி வந்து சொல்லும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஏழு நாள் இருந்தாள். தலையணைகள் வேலைக்காகவில்லை. நானே சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து, அவளை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். “மன்னிச்சுக்கோக்கா” என்று அவள் காதில் எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கே இல்லை. “தண்ணி” என்பாள். “போதும்” என்பாள். வேறு பேச்சே கிடையாது. முடியாமல் பேசாதிருந்தாளா, கோபத்தில் பேசாதிருந்தாளா, எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்க்க முடியாதபடி நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.