வாய் திறக்காமல் பார்த்த நாக்கு

என் மகள் அண்ணத்தில் பிளவோடு பிறந்தவள். கண்டியில் ஆபரேஷன் செய்து தைத்தார்கள். ஐந்து வயதாகியும் சின்னவனை ‘தம்பி’ என்று அவள் கூப்பிட்டால் ‘கம்பி’ என்றுதான் கேட்கும். தையல் போதவில்லையா, நாக்கு பழகவில்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. தையல்தான் என்றால் மறுபடியும் ஆபரேஷன். அந்தப் பயத்தோடுதான் ஸ்பிரிங்வெளி தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம்.

அங்கே அவள் வாயைத் திறக்கவே இல்லை. குற்றம் அவளுடையதல்ல. பேச்சு தெளியும் என்று தினமும் காலையில் அவள் நாக்கில் வசம்பு தேய்த்தவள் நான்தான். வாயைத் திறந்தால் கசப்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். டோர்ச் வெளிச்சத்தைக் கண்டதுமே உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

யாழ்ப்பாணத்து லேடி டொக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அறைக்கு எங்களை அழைத்துப்போனார்.

“வாயைத் திறக்க வேண்டாம் பிள்ளை. தாடைக்குக் கீழ வைச்சே பாப்பம்.”

குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்தார். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து நெளிந்தது. அதுதான் நாக்காம்!

“டீவியில வந்துட்டா ஒன் மக,” என்றார் வீட்டுக்காரர்.

அப்பாவின் பேச்சில் சிரித்துவிட்டு அவளும் திரையைப் பார்த்தாள். டொக்டர் ‘தா’ சொல்லச் சொன்னார். ‘கா’ என்றுதான் வந்தது. கோட்டின் பின்பக்கம் மேடு போல எழும்பியது. முன்பக்கம் அசையவில்லை.

“டொக்டர், நான் வசம்பு தேச்சதாலதான் நாக்கு பின்னால போயிருச்சா?”

“வசம்பு என்ன செய்யும்? பிளவு இருக்கேக்க காத்து மூக்காலை போயிருக்கும். அதாலை நாக்கின்ரை பின்பக்கத்தாலையே சொல்லிப் பழகிட்டுது.”

பிறகு திரையின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டி, அந்தக் கோட்டை அங்கே தூக்கச் சொன்னார். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பலமுறை மேடுதான் எழுந்தது. கடைசியில் கோட்டின் நுனி துள்ளி எழும்பியது. கூடவே ‘தா’ என்று கேட்டது, காற்று மூக்கில் கசியாமல், சுத்தமாக. நான் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

“தையல் நல்லாத்தான் இருக்கு. ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும்,” என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் வசம்பைப் பின்பக்கத்துத் தேயிலைக்குள் வீசினேன். பிறகு, சின்னவனுக்கு வயிறு உப்பினால் சுட்டுத் தொப்புளில் தடவ வேண்டுமே என்று தோன்ற, குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். மகள் வாசலில் நின்று ‘தா, தா’ என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.