கரண்ட் போன பிறகு கப்பலுக்கு என்ன ஆனது

இந்த நாட்டில் ஒருவர் நம்மைத் திட்ட நினைத்தாலும் முதலில் மழையைப் பற்றி மூன்று வரி எழுதிவிடுகிறார். லீட்ஸுக்கு வந்து ஒன்பது வருடமாகியும் எனக்கு இது பிடிபடவில்லை. போன வசந்தத்தில் நான் எழுதும் பத்திரிகையிலிருந்து ஒரு கட்டு வாசகர் கடிதம் வந்தது. எல்லாமே மழையில் தொடங்கியதால் பாராட்டு என்று நினைத்து, ரொட்டி ஆலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் சிரித்துக்கொண்டே படித்தேன். நாலாவது வரியில்தான் விஷயமே இருந்தது. நான் எழுதிய காட்சி தொடரிலேயே கிடையாது என்று பதினோரு பேரும் ஒன்றுபோல எழுதியிருந்தார்கள்.

நான் எழுதுவது ஒரு பழைய விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்காக அதன் ரசிகர்கள் நடத்தும் பத்திரிகையில். பழனிசெட்டிபட்டியில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டிவி ரிப்பேர் கடையில் உட்கார்ந்தவன், உத்தமபாளையத்துக்காரியான என் மனைவி ரோஸ்லினுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தேன். அந்தத் தொடரில் வரும் கப்பலின் எஞ்சின் அறைப் பலகை, உண்மையில் பழைய டிவியின் உள்பாகங்களை ஒட்டிச் செய்தது. கழற்றி மாட்டிய கைக்குத் தெரியாதா? அதை விளக்கி ஒரு கடிதம் போட்டேன். ஆசிரியர் டோரீன், ஓய்வு பெற்ற நூலகர், இன்னும் எழுதச் சொன்னார். இப்படி ஆறு வருடமாகக் கப்பலின் கருவிகளைப் பற்றி ஒரு பக்கம். என் இங்கிலீஷை ரோஸ்லின் திருத்துவாள். ஒவ்வொரு இதழுக்கும், என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று எனக்குத் தூக்கம் கெடும்.

தப்பு எங்கே நடந்தது என்று ஆலையில் மாவு பிசையும் இயந்திரத்தின் முன்னால் நின்று யோசித்தேன். அப்போது ஊரில் தினமும் மின்வெட்டு. தமிழ் பேசிய அந்தத் தொடர் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடையிலிருந்த அத்தனை டிவியும் ஒன்றாகக் கண்ணை மூடும். பக்கத்துத் தையற்கடை செல்வம், "ஏலே, கேப்டன் அம்மாவுக்கு அப்பறம் என்னாச்சு?" என்பான். டிவியைப் பிரித்துப் பார்ப்பவனுக்கு உள்ளே நடப்பதும் தெரியும் என்று அவனுக்கு நம்பிக்கை. நானும் சொல்வேன். அடுத்த வாரம் புதுக்கதை என்பதால் மாட்டிக்கொள்ளவே இல்லை. சொல்லிச் சொல்லி எனக்கே அது பார்த்ததுபோல ஆகிவிட்டது. இங்கே வந்து டிஸ்க்கில் பார்க்கும்போதும், முடிவுதான் தெரியுமே என்று கருவிகள் வரும் இடத்தோடு அணைத்துவிடுவேன்.

செல்வத்துக்கு நான் சொன்ன அப்படியொரு முடிவுதான் இப்போது அச்சில் வந்துவிட்டது: வறண்ட கிரகத்தில் சிக்கிய கேப்டன் அம்மா மடையைத் திறந்துவிட, தண்ணீரில் கப்பல் மிதந்து எழும்பும் காட்சி. அந்த மடையின் பொறியியலை ஒரு பக்கம் புகழ்ந்திருந்தேன்.

"விண்வெளியில எங்கனங்க மடை வந்துச்சு? அது நம்மூரு வாய்க்காலு" என்றாள் ரோஸ்லின்.

"நீதான திருத்துன?"

"நான் ஸ்பெல்லிங்கத்தான பாத்தேன்!"

டோரீன் சனிக்கிழமை தேநீருக்கு அழைத்தார். மழை இல்லாவிட்டால் நடந்தே வரலாம் என்று எழுதியிருந்தார். அந்த மழையைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்: கதை முடிந்தது. விலகல் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய், கேட்பதற்கு முன்பே மின்வெட்டு, பொய், ஒன்பதாம் வகுப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு என்றதற்கு, "பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அது மன்னிப்பா, காதில் விழவில்லையா என்று இன்றுவரை தெரியாது.

"அப்படியானால் உண்மையான முடிவுகளை நீங்கள் பார்த்ததே இல்லையா?"

"இல்லை. இன்றைக்கே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறேன்."

"தயவுசெய்து பார்த்துவிடாதீர்கள்" என்றார். "நாங்கள் நாற்பது வருடமாக ஒரே முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

அடுத்த இதழிலிருந்து என் பக்கத்தில் நான் கடையில் சொன்ன முடிவுகள்; அதற்குப் புதுத் தலைப்பு: 'கரண்ட் போன பிறகு'. பதினோரு பேரில் ஏழு பேர் சமாதானமானார்கள். மீதி நாலு பேர் இன்னும் மழையைப் பற்றி எழுதுகிறார்கள்.

செல்வத்திடமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். அவன் மசியவில்லை. "போடா! கப்பலு மெதந்துச்சு, நாங்க அத்தன பேரும் நம்பிக்கிட்டுல இருக்கோம்? அங்கன உள்ளவுகதான் கடசிப் பத்து நிமிசத்த மாத்திப்புட்டாக."

போன மாதம் ரசிகர்களின் ஆண்டுக் கூட்டம். மதியம் ஒரு தேவாலய மண்டபத்தில் தொடரின் ஒரு கதை திரையில் ஓடியது. கப்பல் தூசிப் புயலில் விழுந்த நேரம் பார்த்து டோரீன் நிறுத்தி, முடிவை நான் பார்த்துவிடாதபடி எனக்குக் கதவைக் காட்டினார். எல்லோரும் உற்சாகமாகக் கூச்சலிட்டு என்னை வெளியே அனுப்பினார்கள். மழைக்கோட்டுகள் தொங்கும் நடையில் நின்று செல்வத்தை அழைத்தேன்.

"புயல்ல மாட்டிக்கிச்சு மாப்ள."

போனில் தையல் மிஷின் சத்தம் நின்றது. "பொறு, கடையில நாலு பேரு இருக்காக, ஸ்பீக்கர்ல போடுறேன். ம், சொல்லு. அப்பறம்?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய முடிவுக்குக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பக்கக் காதை விரலால் அடைத்துக்கொண்டு, இந்தக் காதில் போனை அழுத்திச் சொல்லத் தொடங்கினேன்.