சூடேறிய உடம்பு

கணுக்காலைச் சுழற்றி முடித்து இடுப்புக்கு வந்திருக்கிறார் முனிரத்தினம். மாதனூரில் ஞாயிற்றுக்கிழமை கபடி. சுண்ணாம்புக் கோடு இன்னும் போட்டு முடியவில்லை. அதற்குள் மைதானத்தின் ஓரத்தில் இவர் பாதி வியர்த்துவிட்டார். மெல்ல ஓடுவது, முட்டியை நெஞ்சுவரை தூக்கிக் குதிப்பது, காலை முன்னும் பின்னும் வீசுவது எல்லாம் வரிசை மாறாமல் நடக்கும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு விரலை உயர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் உட்காரவே மாட்டார். உட்கார்ந்தால் உடம்பு ஆறிவிடுமாம். ஆட்டம் முடிந்து விசில் அடித்த பிறகுதான் மண்ணில் உட்கார்ந்து கால் நீட்டி, குனிந்து கட்டைவிரலைப் பிடித்து, மூச்சை மெல்ல விட்டு உடம்பை ஆற்றுவார். அதிலும் ஒரு குறை வைக்கமாட்டார். சூடேற்றுவதற்கும் ஆற்றுவதற்கும் நடுவில் ஒன்று நடக்கவேண்டும் அல்லவா? அது மட்டும் நடப்பதில்லை. அவரை யாரும் ஆட்டத்தில் இறக்குவதில்லை.

“கல்யாணத்துக்கு சிங்காரிச்சிக்கினு போய், மண்டபத்து வாசல்லயே நின்னுட்டு வர்ற ஆளு இது” என்பார் மனைவி கலையரசி. அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். முனிரத்தினத்துக்குச் சிரிப்பு வராது.

ஒரு காலத்தில் அவர் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் எதிரணி மொத்தமும் பின்னால் நகரும். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மிஷினில் வேலை. ரயில்வே அணிக்கு ஆள் எடுப்பவர் ஒருவர், இவர் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே காட்பாடியிலிருந்து வந்தார். அன்று ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவரிடம், “ரெண்டு ரவுண்டு ஓடிட்டு எறங்குப்பா” என்று யாரோ சொன்னார்கள்.

“நாள் பூரா மிஷின்ல நின்ன ஒடம்பு. இதுக்கு மேல இன்னா சூடு வேணும்?”

ஷூ கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதான் அது. வேலை செய்த உடம்பு எதற்கும் தயாராக இருக்கும் என்று நினைப்பார்கள். நின்று நின்று கால் மரத்துப்போயிருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் இறுகியும் போயிருந்தது. முதல் ரெய்டிலேயே பின்தொடைச் சதை கிழிந்தது. ரயில்வே வேலை வேறொருவனுக்குப் போனது. முனிரத்தினம் அதே மிஷினில் இன்னும் தோல் வெட்டுகிறார்.

கால் எப்போதோ தேறிவிட்டது. ஆடலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஒரே ஒரு ரெய்டு போய் எவனையாவது தொட்டுவிட்டுத் திரும்பினால் போதும், மனசு அடங்கிவிடும் என்று நினைக்கிறார். இப்போதைய கேப்டன் ஹேமந்த் நல்லவன். மாற்று ஆட்டக்காரராக இவர் பெயரையும் சேர்த்துக்கொள்வான். கேட்டால், “அடுத்த மேட்ச் கண்டிப்பாண்ணா” என்பான். கொஞ்சம் கெட்டவனாக இருந்து முகத்துக்கு நேரே முடியாது என்றிருந்தால் இவர் என்றைக்கோ வீட்டோடு இருந்திருப்பார்.

இந்த ஞாயிறு ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சமமாக நின்றபோது, ஹேமந்த் அணியின் ரெய்டர் ஒருவனுக்கு முட்டி பிசகிவிட, அவனை வெளியே தூக்கி வந்தார்கள். மாற்று ஆளாக அங்கே இருந்தது முனிரத்தினம் மட்டும்தான். ட்ராக் பேண்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கோட்டோரம் போய் நின்றார். ஹேமந்த் அவரைப் பார்த்தான். பிறகு அவர் தோளுக்கு மேலாக ரோட்டைப் பார்த்தான். ஷிப்மெண்ட் அவசரத்துக்காக ஞாயிறும் ஓவர்டைம் வைத்திருந்த கம்பெனியின் பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது.

“சுஹேலு, ஓடியா. பேண்ட்ட மாத்து.”

சுஹேல் அகமதுவின் பெயரும் மாற்று ஆட்டக்காரர்களில் இருந்தது. இவர் கம்பெனிதான், நல்ல ரெய்டர், இவர்மேல் மரியாதை உள்ளவன். உடை மாற்றிக்கொண்டே இவரிடம்தான் வந்தான்.

“அண்ணா, பஸ்ல ஒக்காந்தே வந்தேன். கால் புடிச்சாப்ல இருக்குது. கொஞ்சம் ஓடிட்டு எறங்கட்டுமா? நீங்க சொன்னா ஹேமந்த் கேப்பான்.”

உடம்பைச் சூடேற்றாமல் இறங்காதே என்று, கேட்காதவர்களுக்குக்கூட வாரம் தவறாமல் சொல்லிச் சொல்லிப் பேஜார் பண்ணியவர் முனிரத்தினம். மடித்து வைத்த ட்ராக் பேண்ட்டைப் பார்த்தார். சுஹேலின் தொடையைப் பார்த்தார்.

“நாள் பூரா மிஷின்ல நின்ன ஒடம்பு. இதுக்கு மேல இன்னா சூடு வேணும்? போ.”

சுஹேல் சிரித்துவிட்டு உள்ளே ஓடினான். அவன் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டியதும் கூட்டம் கத்தியது. விசில் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. முனிரத்தினம் மைதானத்துக்கு முதுகைக் காட்டி மண்ணில் உட்கார்ந்தார். கால்களை நீட்டி, குனிந்து, இரண்டு கட்டைவிரல்களையும் பிடித்துக்கொண்டு மூச்சை மெல்ல வெளியே விட்டார்.