அட்டையில் விழுந்த சொட்டு

காருக்கு அடியில் கிடக்கும் அட்டையைக் காலையில் இழுத்துப் பார்ப்பது அந்த நாட்களில் என் வேலையாக இருந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். அப்பா பாலிடெக்னிக்கில் லேப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நண்பர் ஒருவர் ஓட்டல்களில் பொரித்து மீந்த எண்ணெயை வாங்கிப் பயோடீசல் செய்தார். அப்பா அதைக் கேனில் வாங்கிவந்து எங்கள் பழைய டீசல் காருக்கு ஊற்றத் தொடங்கினார். அன்றிலிருந்து வண்டியைக் கிளப்பினால் தெருவே பஜ்ஜிக் கடை மாதிரி மணந்தது. அம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

இந்த எண்ணெய் நல்லது, புகை கம்மி என்றார் அப்பா. ஆனால் பழைய வண்டியின் ரப்பர்க் குழாய்களுக்கு இது ஆகாதாம். ரப்பர் இதில் ஊறி, உப்பி, கடைசியில் பிளந்துவிடுமாம். அம்மா உளுந்து ஊறவைப்பதைப் பார்த்திருந்த எனக்கு, ஊறுவதில் என்ன கெடுதல் என்று விளங்கவில்லை. அப்பா கண்ணுக்குத் தெரிந்த குழாய்களையெல்லாம் வேறு ரகத்துக்கு மாற்றினார். பிறகும் நம்பிக்கை வராமல், ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையைப் பிரித்துப் போட்டு வைப்பார். காலையில் அதில் சொட்டு இருந்தால் வண்டியை எடுக்கக் கூடாது. “நெருப்பு சமாச்சாரம் பாப்பா” என்பார். இந்த எண்ணெய் டீசல் மாதிரி சட்டென்று தீப்பிடிக்காது என்று சொன்னவரும் அவர்தான். இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல் இரண்டையும் நம்பினேன்.

அம்மாவின் அப்பா சிதம்பரத்தில் பெரிய மாமா வீட்டில் இருந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. குமராட்சிப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். சர்ச்சுக்குப் போகிற என் அப்பாவை அம்மா கட்டிக்கொண்ட நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் சிதம்பரம் கிளம்பும்போதெல்லாம் வண்டிக்கு ஏதாவது வந்துவிடும் என்பதுதான். ஒரு முறை, டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த கசடைப் புது எண்ணெய் கரைத்துக் கொண்டுவந்து பில்டரை அடைத்துவிட்டது. இன்னொரு முறை ஸ்டார்ட்டே ஆகவில்லை. அம்மா தலையில் வைத்த பூவை எடுத்து மாதா படத்துக்குச் சாத்திவிடுவாள்.

“பஸ்ல போலாமே” என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

“மொதமொத போறோம். பஸ்ல போயி எறங்குனா என்னா மரியாத இருக்கும்?” என்றார் அப்பா.

நியாயமாகத்தான் பட்டது.

பிறகு ஒரு நாள் பெரிய மாமா போன் செய்தார். தாத்தாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள், மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொன்னார். காலையில் போய்விடலாம் என்று அம்மா சொன்னதற்கு, “வண்டி நல்லா இருந்தா கெளம்பிடலாம்” என்றார் அப்பா.

காலையில் அட்டையை இழுத்தேன். நடுவில் மஞ்சளாக ஒரு சொட்டு, சுற்றிலும் எண்ணெய் ஊறிப் பரவியிருந்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பட்டுப் புடவையோடு குந்தி உட்கார்ந்து, சொட்டைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். அட்டையை அப்படியே திருப்பிப் போட்டு உள்ளே தள்ளினாள்.

“இன்னா பாப்பா, அட்ட எப்புடி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே அப்பா வந்தார்.

“சுத்தமா இருக்கு” என்றாள் அம்மா.

பொய் சொல்வது பாவம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். வண்டியைக் கண்டாலே ஆகாதவள், அதற்காக ஏன் பொய் சொல்கிறாள் என்று ஒன்றும் புரியாமல் ஏறி உட்கார்ந்தேன். அம்மா கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, என்னைத் தன்னோடு இறுக்கி, மறு கையால் கதவுப் பிடியைப் பிடித்தபடியே வந்தாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. புதுச்சத்திரம் வருவதற்குள் பைக்கில் போன ஒருவர் பக்கத்தில் வந்து கத்தினார்: “சார், அடில ஊத்துது சார்! நிறுத்துங்க!”

அப்பா ஓரங்கட்டினார். “எறங்கு, எறங்கு, தூரப் போ!” என்று அவர் போட்ட சத்தத்தில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு புளியமரத்துக்கு ஓடினாள். சைலன்ஸர் பக்கமிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு, ரோட்டோர மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார். புகை அடங்கியது. அடியில் புகுந்து ஒழுகலை அடைத்துவிட்டு, விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர்த் துண்டோடு வெளியே வந்தார். டேங்குக்கு மேலே, கண்ணில் படாமல் இருந்த பழைய குழாய். உப்பி, பிசுபிசுத்து, அமுக்கினால் பள்ளம் விழுந்தது.

“அட்டைல ஒண்ணுமே இல்லியா பாப்பா?”

நான் அம்மாவைப் பார்த்தேன்.

“இருந்துச்சி. நாந்தான் திருப்பிப் போட்டன்” என்றாள் அம்மா. “சொட்டு இருக்குன்னா நீங்க கெளம்ப மாட்டீங்க. இன்னிக்கி நான் போயே ஆவணும்.”

“புள்ள உள்ள இருந்துச்சேடி!”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா கையில் ரப்பர்த் துண்டோடு மரத்தடியில் உட்கார்ந்தார். அதை அமுக்கிக்கொண்டே, “எனக்குப் பயமா இருக்குடி” என்றார்.

நெருப்புதான் அணைந்துவிட்டதே, இனி எதற்குப் பயம் என்று நினைத்தேன்.

“வாசல்லயே நிக்க வச்சிட்டாங்கன்னா?” என்றார் அப்பா.

“நிக்க வச்சா, கூட நானும் நிக்கிறன்” என்றாள் அம்மா.

வண்டியை எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அம்மா அப்பாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றினாள்.

பெரிய மாமா வாசலில் நின்றிருந்தார். அம்மாவைப் பார்த்து, “வா” என்றார். அப்பாவின் சட்டையிலிருந்த கறையைப் பார்த்தார். பிறகு, “உள்ள வாங்க மச்சான், அப்பா கேட்டுக்கினே இருக்காரு” என்று விலகி நின்றார்.

கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தவர் சுருங்கிப்போன சின்ன மனிதராக இருந்தார். அம்மா அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, பார்வையை மட்டும் அப்பா பக்கம் திருப்பினார்.

“கையில இன்னா?”

அப்பா அந்த ரப்பர்த் துண்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். “வண்டி ஹோஸு மாமா. வழில ஒழுவிடுச்சி.”

தாத்தா அதை வாங்கி அமுக்கிப் பார்த்தார். அவர் வயற்காட்டு டீசல் இன்ஜினோடு காலம் தள்ளியவர். என்ன எண்ணெய், எத்தனை நாளாக ஊற்றுகிறீர்கள், வாஷர் எப்படி இருக்கிறது என்று மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா கட்டில் ஓரத்தில் குனிந்து நின்று பதில் சொன்னார். இத்தனை அவசரமாக ஓடி வந்துவிட்டு, ரப்பரைப் பற்றியே பேசுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேறு எதைப் பற்றியும் அவர்கள் பேசவில்லை.

கடைசியில் தாத்தா, “கையக் கழுவிக்கினு வாங்க மாப்ள, சாப்புடலாம்” என்றார்.

அதைக் கேட்டதும் அம்மா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். பின்னாலேயே போனேன். குழாயடியில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“அழாதம்மா. ஹோஸு மாத்திட்டா ஒழுவாது.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே இன்னும் அதிகமாக அழுதாள். நான் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, இன்னொரு தடவை கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.