மூடுபனியில் முன்னே போன லோரி

சில வருடங்களுக்கு முன், வருடக் கடைசி பள்ளி விடுமுறையில் நடந்தது இது. தானா ராத்தா மலையூருக்கு நான் ஆசிரியையாக மாற்றலாகி வந்த புதிது. ஈப்போவில் கணவருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து, தாப்பா வழியாக மலையேறிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்றிலும் பார்வை மங்கல். அதனால் கார் என் கையில். மலைப்பாதையில் நான் ஓட்டுவது அதுதான் முதல் தடவை.

ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும் பாதை. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் பள்ளத்தில் ஆறு. அவர் சாய்ந்துகொண்டு, "என்னென்ன தெரியுது, சொல்லிக்கிட்டே வாயேன்" என்றார். சாலைமேல் கவிந்த மூங்கில், ஈரப் பாறையில் மொய்த்த மஞ்சள் பட்டாம்பூச்சிகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். பெரிய அருவி வந்ததும் நிறுத்தினோம். சாரல் முகத்தில் தெறிக்க, சூடான சோளத்தைக் கடித்தபடி, "இதுக்குக் கண்ணு எதுக்கு லா!" என்று சிரித்தார்.

இன்னும் மேலே, பள்ளத்தாக்கு முழுதும் தெரியும் ஓரிடத்தில் இறங்கி நின்றபோதுதான் கீழேயிருந்து மேகம் எழும்பி வந்தது. முதலில் ஆறு மறைந்தது, பிறகு மரங்கள். நான் மயங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பி நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் சாலையையே காணோம். கார் கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை.

"ஏன் பேச்சையே காணோம்?" என்றார் அவர்.

"ஒண்ணுமே தெரியலைங்க" என்றேன்.

அப்படியே ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த காய்கறி லோரி ஒன்று எங்களைத் தாண்டி நின்றது. மழைக்கோட்டைத் தலைவரை இழுத்துவிட்ட ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"இங்க நிக்காதீங்கக்கா, பின்னால வர்றவன் மோதிருவான். என் பின்னாலயே வாங்க. சிவப்பு லைட்ட மட்டும் பாருங்க. பயமா இருந்தா ஹாரன் அடிங்க, நின்னுருவேன்."

வெண்மைக்குள் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மிதந்து போயின. பின்னாலேயே நானும் மிதந்தேன். கண்ணுக்குத் தெரியாத அருவிகள் எங்கெங்கோ இரைந்தன. பூமியை விட்டே கிளம்பிவிட்டதுபோல் இருந்தது. ஒரு வளைவில் பயம் தாங்காமல் ஹாரனை அழுத்தினேன். லோரி நின்றது. நான் மூச்சைத் திரட்டிக்கொண்டு மறுபடி அழுத்தும்வரை அசையாமல் காத்திருந்தது.

பிறகு அந்தப் புள்ளிகள் வலப்பக்கம் ஒதுங்கி நின்றன. லோரிக்காரர் டார்ச்சோடு நடந்து வந்தார்.

"ரோடு பாதி சரிஞ்சு கிடக்குக்கா. நான் மொதல்ல தாண்டிட்டு வந்து நிக்கிறேன். எதிர வண்டி வராம பாத்துக்கிறேன், பாறையை ஒட்டியே வாங்க."

லோரியைத் தாண்டவிட்டு, திரும்பி வந்து, சரிந்த விளிம்பில் டார்ச்சை உயர்த்திக்கொண்டு நின்றார். ஊர்ந்து அவரைக் கடந்தபோது பார்த்தேன். அவர் காலுக்குப் பின்னால் தார் இல்லை, மண் இல்லை. மேகமும் எங்கோ ஆழத்தில் தண்ணீர்ச் சத்தமும்தான். என் காருக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவே ஒரு மனிதர் நின்றிருந்தார்.

ரிங்லெட் ஊர் வந்ததும் பனி விலகியது. தேயிலைச் சரிவுகள்மேல் மாலை வெயில். லோரி லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டங்கள் பக்கம் திரும்ப, ஜன்னலுக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டு அசைந்தது. நான் காரை நிறுத்தி அழுதேன். கணவர் தடவித் தடவி என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

கடைசிவரை அந்த லோரிக்காரரின் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அதனால்தானோ என்னவோ, இந்த மலையில் எதிரே வரும் ஒவ்வொரு லோரிக்காரரையும் அவராகவே எண்ணி, இன்றும் தலையசைத்துவிட்டுத்தான் கடக்கிறேன்.