கரையான் இல்லை, கடன் இருக்கிறது

எங்கள் வீட்டு வாசலில் சொந்த டிப்பர் லாரி ஒன்று நின்ற காலம் உண்டு. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் வேலையில் என் கணவர் பல வருடம் அடுத்தவர் வண்டிகளை ஓட்டினார். பிறகு என் நகைகளில் பாதியை விற்று முன்பணம் கட்டி, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு, பழைய டிப்பர் ஒன்றை வாங்கினோம். வண்டி வீட்டுக்கு வந்த அன்று விக்கிரமங்கலத்திலிருந்து அவருடைய தங்கை வந்து ஆரத்தி எடுத்தாள்.

இரண்டு வருடம் வண்டி நன்றாகவே ஓடியது. கையில் காசு புரண்டபோது வீட்டுக்குள் பொருள்களும் வந்து சேர்ந்தன. சோபா செட், ஆறு நாற்காலியுடன் சாப்பாட்டு மேசை, சுவரை அடைக்கும் டிவி, மீன் தொட்டி, அவருடைய தொப்பைக்காக ஓர் உடற்பயிற்சி சைக்கிள். அந்த மேசையில் நாங்கள் சாப்பிட்டதே இல்லை. துவைத்த துணியை மடித்து வைக்க உதவியது. சைக்கிளில் துண்டு காயும்.

பிறகு அவர் கல் ஏற்றிக்கொண்டிருந்த சுரங்கம் ஏதோ அனுமதிச் சிக்கலில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. லாரித் தவணையைக் கட்ட வங்கியில் தனிநபர் கடன் வாங்கினோம். அந்தக் கடனின் தவணையைக் கட்ட, நான் பெண்கள் குழுவில் வாரக் கடன் வாங்கினேன். அதுவும் போதாமல் ஒருநாள் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து வண்டியை ஓட்டிப் போனார்கள். ஏலத்தில் அது குறைந்த விலைக்குப் போயிற்று. வண்டி போனது, வண்டியின் பாக்கி எங்களிடமே இருந்தது.

நான் பெரம்பலூர் டவுனில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். அவர் மறுபடியும் அடுத்தவர் டிப்பருக்குக் கூலி டிரைவராகப் போனார். இரண்டு சம்பளமும் வந்த கையோடு வட்டிக்கே போய்க்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஃபைனான்ஸ் வசூல்காரர் வந்தார். பைக்கை அணைக்காமல் கேட்டுக்கு வெளியே நின்றபடி, "சார் இருக்காரா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். என் கணவர் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கை அப்படியே நின்றது. நான் போய் கேட்டைத் திறந்தேன்.

"உள்ள வாங்க தம்பி. தண்ணி குடிங்க."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை போல. தயங்கி உள்ளே வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இந்த மாசம் எவ்வளவுன்னு வேணாம். மொத்தமா முடிக்கணும்னா எவ்வளவு?"

செல்போனைத் தட்டிப் பார்த்துச் சொன்னார். அதுவரை நாங்கள் யாரிடமும் கேட்டிராத கேள்வி அது. கேட்கப் பயம்.

"சரி. இனிமே வந்தா தெருவுல நின்னு கூப்பிடாதீங்க. இப்படி உள்ள வந்து கேளுங்க. இருந்தா தருவேன், இல்லன்னா இல்லன்னு சொல்லுவேன்."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் தெருவில் நின்று கூப்பிட்டதில்லை.

அன்று சாயங்காலம் மற்ற கடன்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தோம். என் கணவர் அந்தத் தொகையை மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு, "வூட்ட வித்துடலாமா?" என்றார்.

"வூடு இருக்கட்டும். வூட்டுக்குள்ள இருக்குறத விப்போம்."

அவர் தலையைத் திருப்பி ஹாலை ஒருமுறை பார்த்தார். அந்தச் சாமான்களுக்கு விலை உண்டு என்பதே அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதலில் பழைய சாமான் வாங்குகிற கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். எல்லாவற்றையும் சும்மா தூக்கிப் போகிற மாதிரி ஒரு விலை சொன்னார். நான் முடியாது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் துடைத்துப் படம் எடுத்து, விலை எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

"சொந்தக்காரன் எல்லாம் பாப்பான்டி" என்றார் அவர்.

"பாக்கட்டும். அதுல யாருக்காச்சும் சோபா வேணுமா இருக்கும்."

நிறைய பேர் பார்த்தார்கள். நாலைந்து பேர் போன் செய்து, "என்ன, ஊரை விட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்கள். புதுமனை புகுவிழாவுக்கு வந்து பிரிக்காமலே கிடந்த சுவர்க் கடிகாரங்களும் ஹாட்பாக்ஸ்களும் முதல் வாரத்திலேயே போய்விட்டன. உடற்பயிற்சி சைக்கிளை என் கடை முதலாளியே வாங்கிக்கொண்டார். மீன் தொட்டியை டவுனில் சலூன் வைத்திருக்கிறவர் மீன்களோடு சேர்த்து வாங்கிப் போனார். அன்று சின்ன மகள் அழுது தீர்த்தாள். பிறகு அவள் அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போகும்போதெல்லாம் கூடவே போய் மீன்களைப் பார்த்து வருவாள். அவருக்கு வெட்ட முடி இல்லாத வாரங்களிலும் போனார்கள்.

சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் பார்க்கச் செந்துறையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பஸ்ஸில் வந்தார்கள். மகளைத் தனிக்குடித்தனம் வைக்கச் சாமான் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் மேசைக்கு அடியில் குனிந்து தட்டிப் பார்த்தார். சோபாவைத் தூக்கிப் பார்த்தார்.

"புதுசு மாதிரி இருக்கு. ஏன் விக்கிறீங்க? கரையான் கிரையான் இருக்கா?"

"கரையான் இல்லங்க. கடன் இருக்கு."

அதைச் சொல்ல வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். இருக்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சோபாவில் உட்கார்ந்து கையால் ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

"உள்ளதச் சொல்லிட்டாங்கல்ல. ரொம்பப் பேசாம வாங்குங்க" என்றார்.

அப்படியும் அவர் ஐநூறு ரூபாய் குறைக்கத்தான் செய்தார். நானும் விட்டேன். மறுநாள் மினி லாரி கொண்டுவந்து ஏற்றிப் போனார்கள். என் கணவரே ஒரு கை பிடித்து ஏற்றி, கயிற்றை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். சுமை கட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. வண்டி போன பிறகு ஹாலில் நின்று பேசினால் எதிரொலித்தது. பிள்ளைகள் இருவரும் கொஞ்ச நேரம் கத்திக் கத்தி அதைக் கேட்டு விளையாடினார்கள்.

கடைசியில் மீதி இருந்த நகைகளோடு என் தாலிச் செயினையும் விற்றேன். அடகு வைக்கலாம் என்றார் அவர். அடகு வைத்தால் அதற்கும் வட்டி. விற்றால் வட்டி இல்லை. மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துப் போட்டுக்கொண்டேன். கடைக்கு வருகிற பெண்களின் பார்வை என் கழுத்துக்குப் போய்த் திரும்பும். சில வாரத்தில் பழகிவிட்டது, அவர்களுக்கும் எனக்கும்.

விற்று வந்த பணத்தில் முதலில் குழுக் கடனை அடைத்தோம். வாராவாரம் எல்லோரும் தவணை கட்டி முடிக்கும்வரை யார் வீட்டுத் திண்டாட்டத்தையாவது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டம் எனக்கு இல்லாமல் போனதே பெரிய விடுதலை. மற்றவற்றைச் சம்பளத்திலிருந்து பிடித்துக் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பொட்டலம் நின்றது. நான் கடைக்குப் போய்வந்த ஸ்கூட்டியை விற்றுவிட்டு டவுன் பஸ்ஸில் போனேன். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் துணி. பாலிலும் படிப்பிலும் கை வைக்கவில்லை. பெரியவளின் டியூஷன் பீஸ் ஒரு மாதமும் தாமதமாகப் போனதில்லை. அதில் எனக்கு இப்போதும் கர்வம் உண்டு.

வெட்டவே முடியாதது விசேஷச் செலவு. வைகாசி, ஆவணி வந்தால் பத்திரிகைகள் வந்துகொண்டே இருக்கும். மொய் வைக்காமல் எப்படிச் சாப்பிட்டு வருவது? அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் மகள் பெரியவளானாள். என் கணவர் தாய்மாமன். சீர் அவர்தான் செய்ய வேண்டும். விக்கிரமங்கலத்திலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, ஐம்பத்தோரு தட்டு வப்பீங்கன்னு மாமியார் வூட்ல பேசிக்கிறாங்க."

"நேர்ல வரேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அரியலூர் போய் பஸ் மாறிப் போனோம். வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். தங்கை வீட்டு அடுப்படியில், மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார்.

"அவ்வளவு என்னால முடியாதும்மா. கடன் வாங்குனா முடியும். நான் வாங்க மாட்டேன்."

"தாய்மாமன் சீர் இல்லாம சபையில நான் எப்படிண்ணே நிக்கிறது?"

"சீர் உண்டு. பட்டுப்பாவாட, மாலை, பழம், வெத்தல பாக்கு, இனிப்பு எல்லாம் இருக்கும். ஏழு தட்டு. அதுதான் என் கையில உள்ள காசுக்கு வருது."

அவள் அழுதாள். என்னைப் பார்த்து, "அண்ணி, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

விழா அன்று பிள்ளையார் கோயிலிலிருந்து ஏழு தட்டுகளோடு கிளம்பினோம். மேளம் இல்லை, வெடி இல்லை. அவர் துவைத்து மடித்த பழைய வேட்டி சட்டையில் முன்னால் நடந்தார். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், எங்கள் வரிசை முடிந்ததும் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

என் கணவர் நின்றார். சண்டை வந்துவிடுமோ என்று நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இவ்வளவுதாங்க. எல்லாமே ரொக்கத்துல வாங்குனது" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் போய் மருமகளுக்கு மாலை போட்டார். அந்தப் பெண் காலில் விழுந்து எழுந்து, "மாமா, பாவாட கலர் சூப்பர்" என்றாள். சொந்த லாரிக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் அவர் நின்ற போட்டோ எங்களிடம் இருக்கிறது. அதில் இருப்பதைவிட அன்று அவர் நிமிர்ந்து நின்றார். இவர் என் புருஷன் என்று அந்தப் பந்தலில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் போல இருந்தது. நாத்தனார் வெகுநாள் எங்களிடம் பேசவில்லை. இப்போது பேசுகிறாள். அந்தத் தட்டுகளைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

இன்னொரு நாள். வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "நம்ம வண்டியப் பாத்தேன்" என்றார். சிமெண்ட் ஆலை கேட்டில் லாரிகள் வரிசையில் நிற்கும்போது, இவருக்கு நாலு வண்டி முன்னால் அது நின்றிருக்கிறது. நெற்றியில் எங்கள் பிள்ளைகள் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர்.

"என்ன செஞ்சீங்க?"

"எறங்கிப் போயி அந்த டிரைவர்கிட்ட பேசுனேன். செகண்ட் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அவசரப்படாம போடுங்கன்னு சொன்னேன். ஆமாங்க, எனக்கு இத்தனை நாளா அது புரியலன்னாரு."

மோர் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டு முடித்தார். நான்தான் அடுப்படிக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

வங்கிக் கடன் முடிந்தது. கடைசியாக லாரியின் பாக்கி. அதைக் கட்டி முடிக்க இருவரும் அரியலூரில் இருந்த ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போனோம். மேனேஜர் பணத்தை எண்ணி வாங்கி, பாக்கி ஏதுமில்லை என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை நீட்டுவதற்கு முன், "புதுசா ஒரு லோன் போட்டுடலாம்மா. முழுசாக் கட்டிட்டதால இப்ப உங்களுக்குப் பெருசாவே தருவாங்க. சார் மறுபடி வண்டி எடுக்கலாம்" என்றார்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாங்க சார். அடுத்தவங்க வண்டியத்தான் ஓட்டுறேன். நல்லாத் தூங்குறேன்" என்றார்.

கடிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெஸ்ஸில் நுழைந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டோம். அவர் மீன் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கினார். பிள்ளைகளுக்கு வறுத்த மீன் கட்டிக்கொண்டோம்.

அடுத்த மாதம் சம்பளம் ஏறிய செய்தி செல்போனில் வந்தபோது நான் கடையில் இருந்தேன். வழக்கமாக அதன் பின்னாலேயே, தவணைக்கு இவ்வளவு எடுக்கப்பட்டது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். போனை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தேன். முழுச் சம்பளமும் அப்படியே இருந்தது.

"என்னம்மா, போனையே பாத்துக்கிட்டு இருக்கீங்க? மாத்திரைக்கு எவ்வளவு ஆச்சு?" என்று எதிரே நின்ற பெரியவர் கேட்டார்.

"சம்பளம் வந்திருக்குங்க" என்றேன்.

"எல்லாருக்குந்தான் வருது" என்றார் அவர். நான் சிரித்துக்கொண்டே பில்லைப் போட்டேன்.